சொந்த நிலத்துக்குள் வரும் காட்டுப்பன்றியைக் கொன்றால் அதுவும் வேட்டையா?

பதிக்காட்டுக்காரன் கேட்டது:

வணக்கம்ங்க. எங்களுக்குப் பூமி எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. கோபாலபுரம் பக்கம் தென்னந்தோப்பு, அது பொள்ளாச்சிக் கணக்கில் வரும். சோதனைச்சாவடி தாண்டி, கேரளப் பக்கம் எருத்தேம்பதி ஊராட்சியில் கடலைக்காடும் கொஞ்சம் மக்காச்சோளமும். தாத்தா காலத்தில் ஒரே பூமியாகப் பார்த்தது, இன்றைக்கு இரண்டு மாநிலம், இரண்டு பட்டா ஆபீஸ்.

இந்தப் போகம் கடலை காய் பிடித்த நாளிலிருந்து பன்றி விடுவதே இல்லை. பாத்தி பாத்தியாக மூக்கை விட்டு உழுதுவிட்டுப் போகிறது. தின்பது கொஞ்சம், கெடுப்பது அதிகம். மக்காச்சோளத்தைத் தண்டோடு சாய்த்துப் போட்டு ஒரு கதிரில் பாதி கடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. பகலில் பக்கத்துத் தரிசில் இருக்கும் சீமைக்கருவேலப் புதருக்குள் படுத்துக்கொள்கின்றன. அந்தப் பூமிக்காரர் திருப்பூரில் இருக்கிறார், புதரை வெட்டச் சொன்னால் ஆகட்டும் என்கிறார், அவ்வளவுதான்.

சுற்றிலும் பழைய சேலை கட்டிவிட்டோம். சலூனில் முடி வாங்கி வந்து வரப்பில் தூவினோம். ராத்திரி பட்டாசு போட்டோம். எல்லாம் சில நாளைக்குத்தான் கேட்கிறது.

இப்போது பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர், "உன் பூமிக்குள் வந்து உன் வெள்ளாமையைத் தின்கிறது, காட்டுக்குள் போய் வேட்டையாடினால்தான் தப்பு, இங்கே அடித்தால் ஒன்றுமில்லை" என்கிறார். மோட்டார் ரூமிலிருந்து ஒரு கம்பி இழுத்துவிடச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் மாமாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டில் உரிமம் வாங்கிய நாட்டுத்துப்பாக்கி இருக்கிறது. அதைக் கொண்டுவந்து என் கடலைக்காட்டில் வைத்துச் சுட்டால் சட்டப்படி அது வேட்டையா, பயிரைக் காப்பதா? மயிலும் குரங்கும் வேறு வருகின்றன, அவற்றுக்கும் இதே சட்டம்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் தோட்டம் எழுதியது:

தம்பி, இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் திருடன் புகுந்தால் வாசலில் நின்று மனு எழுதிக்கொண்டா இருப்போம்? கேரளாவில் பன்றியைச் சுடலாம் என்று அரசாங்கமே உத்தரவு போட்டுவிட்டது, பேப்பரில் வந்தது. ஆகவே அந்தப் பக்கம் பயமே இல்லை. அடித்துப் புதைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். விவசாயி வயிற்றில் அடிக்கிற சட்டத்தை விவசாயி மதிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

சித்தூர்ப்புழைக்கரை எழுதியது:

பதிக்காட்டுத் தம்பிக்கு. நான் சித்தூர் தாலுகாவில் ஓர் ஊராட்சியின் பட்டியலில் உள்ள துப்பாக்கிக்காரன். பன்றியைச் சுட ஊராட்சி கூப்பிடும்போது போகிறவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நேரான பதில். உங்கள் நிலத்துக்குள் வைத்து நீங்களாகக் கொன்றாலும் சட்டத்தின் கண்ணில் அது வேட்டைதான். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(16), எதையெல்லாம் வேட்டை என்கிறது என்று பாருங்கள். கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டிப் போவது, இரை வைத்து இழுப்பது, இதையெல்லாம் செய்ய முயல்வதுகூட. இதில் எங்கேயும் காடு என்றோ பட்டா நிலம் என்றோ பிரித்துச் சொல்லவில்லை. பிரிவு 9 பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாடக் கூடாது என்கிறது, 11, 12 பிரிவுகள் அனுமதித்தால் ஒழிய. பூமி உங்களுடையது, அதன் மேல் நடக்கும் காட்டு விலங்கு உங்களுடையதல்ல. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ஒரு காலத்தில் இந்த நாட்டிலும் வேட்டைக்கு உரிமம் கொடுத்தார்கள். 1991இல் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே பொழுதுபோக்குக்கும் கறிக்கும் வேட்டையாடச் சட்டப்படி வழியே கிடையாது. விவசாயிக்கு மிச்சம் இருப்பது பிரிவு 11 மட்டும். அது யாருக்கு எதைத் தருகிறது என்பதில்தான் ஊரில் முக்கால்வாசிக் குழப்பம்.

விலங்குகளை இரண்டு அட்டவணையாகப் பிரித்திருக்கிறார்கள். இது 2022 திருத்தத்துக்குப் பிறகு உள்ள நிலை, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பு. யானை, புலி, சிறுத்தை, மயில் எல்லாம் முதல் அட்டவணை. நம் ஊர் நாட்டுக்குரங்கையும் அந்தத் திருத்தத்தில் அதற்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். முதல் அட்டவணை விலங்கென்றால், மனித உயிருக்கு ஆபத்து என்றோ, இனிப் பிழைக்காத அளவுக்குக் காயமோ நோயோ என்றோ, மாநிலத்தின் தலைமை வனவிலங்குக் காப்பாளர் காரணத்தை எழுதி உத்தரவிட வேண்டும். பயிரைத் தின்றது என்பது அங்கே காரணமே ஆகாது. மயில் உங்கள் கடலையைக் கொத்தினாலும், குரங்கு இளநீரைப் பறித்துப் போட்டாலும் கை வைக்க முடியாது. கை வைத்தால் குறைந்தது மூன்று வருடச் சிறை, ஏழு வரை போகும், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணை. அங்கே பிரிவு 11(1)(b) வேறு மாதிரி பேசுகிறது. உயிருக்கு ஆபத்து என்றாலும் சரி, சொத்துக்கு ஆபத்து என்றாலும் சரி, கொல்ல அனுமதிக்கலாம். சொத்து என்பதில் எந்த நிலத்திலும் நிற்கும் பயிரும் சேரும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அந்த அனுமதியைத் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்தில் தர வேண்டும். அந்தக் காகிதம் இருந்தால் பயிரைக் காப்பது. அது இல்லாமல் அதே பன்றி, அதே கடலைக்காடு, அதே குண்டு என்றாலும் வேட்டை.

வேலந்தாவளத்துக்காரர் சொன்னதற்கு வருகிறேன். கேரளாவில் யார் வேண்டுமானாலும் சுடலாம் என்று உத்தரவு இல்லைங்க. 2022 மே மாதம் மாநில அரசு செய்தது, கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் கீழே இறக்கியது. ஊராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் ஆகியோரைக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் ஆக்கினார்கள். செயலாளர்களை அதிகாரம் பெற்ற அலுவலர் ஆக்கினார்கள். அதற்கு முன்பு ஒரு விவசாயி வனத்துறை ஆபீசுக்கு நடந்து நடந்து, உத்தரவு வரும்போது அறுவடையே முடிந்திருக்கும். இப்போது ஊராட்சி ஆபீசிலேயே முடியும் என்பது பெரிய விஷயம். அதற்காகச் சட்டத்தின் மற்ற வரிகள் அழிந்துவிடவில்லை. பன்றியைத் தொல்லை விலங்கு (தனி அனுமதி இல்லாமலே கொல்லலாம் என்ற வகை) என்று அறிவிக்கச் சொல்லிக் கேரளம் மத்திய அரசைப் பல முறை கேட்டது, கிடைக்கவில்லை. அப்படி அறிவிக்கும் அதிகாரம் பிரிவு 62இல் மத்திய அரசுக்கு மட்டும்தான். 2015, 2016 வாக்கில் பீகாருக்கும் உத்தரகண்டுக்கும் பன்றிக்காக அப்படிக் கொடுத்தார்கள், குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. 2025 அக்டோபரில் கேரளச் சட்டமன்றம் இந்தச் சட்டத்தையே மாநில அளவில் திருத்த ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மத்தியச் சட்டத்தைத் தொடுவதால் அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். மசோதாவைக் காட்டி வழக்கிலிருந்து தப்ப முடியாது.

அப்புறம் உங்கள் மாமாவின் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். அந்த உரிமம் ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. துப்பாக்கியை வைத்திருக்கலாம் என்பதற்கு மட்டும் அது காகிதம். விலங்கைக் கொல்லலாம் என்பதற்கு வேறு காகிதம், அது வனவிலங்குச் சட்டத்தின் கீழ். முதல் காகிதத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதும் இருப்பதாக நினைத்தால் இரண்டு சட்டத்திலும் மாட்டுவீர்கள். போதாததற்கு உரிமம் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். மாமாவின் துப்பாக்கி சோதனைச்சாவடி தாண்டக் கூடாது. கேரளப் பக்கம் சுடுவதற்கு ஊராட்சிப் பட்டியலில் உள்ளவர்தான் வர வேண்டும்.

கம்பியைப் பற்றி எழுதாமல் விட மாட்டேன். மனசு ஒப்பவில்லை என்றீர்களே, அந்த மனசை விடாதீர்கள். 2022 மே மாதம் முட்டிக்குளங்கரை போலீஸ் முகாமுக்குப் பக்கத்து வயலில் இரண்டு போலீஸ்காரர்கள் செத்துக் கிடந்தார்கள், பன்றிக்கு இழுத்த மின்கம்பியில். 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்கள் அதே மாதிரிக் கம்பியில் போனார்கள், உடல்களை வயலிலேயே புதைத்திருந்தார்கள். இரண்டும் நம் பாலக்காட்டு மாவட்டம்தான். தமிழ்நாட்டில் 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் மூன்று யானைகள் விழுந்தன. 2020இல் வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாய் சிதைந்து நின்றே செத்த சினை யானையை எல்லோரும் பார்த்தோம், அது கடித்ததும் பன்றிக்கு வைத்த வெடி என்றே சொன்னார்கள். கம்பிக்கும் வெடிக்கும் பன்றி எது, பால் கறக்கப் போகிற ஆள் எது என்று தெரியாது. எந்த உத்தரவும், எந்த மாநிலத்திலும், மின்சாரத்தையும் விஷத்தையும் வெடியையும் அனுமதிக்கவில்லை.

சேத்துமடைக்காரன் எழுதியது:

சித்தூர்ப்புழைக்கரை ஐயா கேரளப் பக்கம் தெளிவாகச் சொன்னார். தமிழ்நாட்டுப் பக்கம் நான் சொல்கிறேன்.

2025 ஜனவரியில் சட்டசபையில் அறிவித்தது இது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு மேல் போனால் சுடலாம், சுடுவது வனத்துறை ஆள்தான், விவசாயி இல்லை. விஏஓ, ஊராட்சித் தலைவர், வனத்துறைக்காரர் சேர்ந்த குழு பார்த்துச் சொன்ன பிறகு. ஆகவே கோபாலபுரத்துத் தோப்புக்கு மாமாவின் துப்பாக்கி இந்தப் பக்கமும் உதவாது.

என் பூமி ஆனைமலை அடிவாரம். காட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஓடைதான். தினம் தினம் பன்றியோடு மல்லுக்கட்டுகிறவன் அந்த 1 கிலோமீட்டருக்குள் இருக்கிறவன், அவனுக்கு ஒன்றுமே இல்லை. காட்டை ஒட்டிச் சுட்டால் புலிக்கும் சிறுத்தைக்கும் இரை போய்விடும், தப்பிய குண்டு வேறு விலங்கில் படும் என்று காரணம் சொல்கிறார்கள். காரணம் சரிதான், மறுக்கவில்லை. அப்படியானால் அகழி வெட்டிக் கொடுங்கள், நஷ்டஈட்டை அறுவடைக்குள் கொடுங்கள். காட்டைக் காக்கும் செலவை ஒட்டியிருக்கும் நாலு விவசாயி தலையில் மட்டும் ஏற்றுவது எப்படி நியாயம்? போன வருடம் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் இல்லை.

ஒரு விஷயம் மட்டும். சூரியசக்தி வேலி போடுவதென்றால் தமிழ்நாட்டில் 2023 விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். பேட்டரியிலிருந்து விட்டு விட்டு வரும் அதிர்ச்சி அது, விலங்கு சாகாது, விலகிப் போகும். எங்களுக்கு அதுதான் ஓரளவு கைகொடுக்கிறது. வேலிக்கடியில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் வீரியம் போய்விடும், வாரம் ஒருமுறை செதுக்க வேண்டும். பன்றிக்கென்றால் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் அடியில் நுழைந்துவிடும்.

டெக்சஸ் பொள்ளாச்சிக்காரன் எழுதியது:

நான் இருக்கும் டெக்சஸில் 2019 செப்டம்பரிலிருந்து தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் இருந்தால் பன்றியைச் சுட வேட்டை உரிமமே தேவையில்லை. இங்கே விவசாயிகள் அதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். அதே வேலைக்கு நம் ஊரில் ஒரு விவசாயி ஊராட்சி, வனத்துறை என்று அலைய வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. கொன்ற கறியையும் மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கிறார்களாமே, ஏழைகள் இருக்கும் ஊரில் அது சரியா?

பதிக்காட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. கம்பி வேண்டாம் என்று அந்த அண்ணனிடம் சொல்லிவிட்டேன். முட்டிக்குளங்கரை விஷயத்தைச் சொன்னதும் அவரும் பேசவில்லை.

ஐயா, இன்னும் இரண்டு சந்தேகம். ராத்திரி தண்ணி பாய்ச்சப் போகும்போது பன்றி என் மேலேயே பாய்ந்தால்? கையில் அரிவாளோ கடப்பாரையோ இருக்கும், அடித்துவிட்டால் அதுவும் கேஸா? இன்னொன்று, ஊராட்சியில் மனு கொடுத்தால் நிஜமாகவே ஆள் வருவார்களா? எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது.

சித்தூர்ப்புழைக்கரை எழுதியது:

பாய்ந்தால் அடியுங்கள். உயிரைக் காத்துக்கொள்ளச் சட்டம் தடுக்கவில்லை. பிரிவு 11(2) அதைத்தான் சொல்கிறது. நல்லெண்ணத்தோடு தன்னையோ இன்னொருவரையோ காக்க எந்தக் காட்டு விலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் குற்றமில்லை. யானைக்கும் புலிக்கும்கூட இது பொருந்தும். ஆனால் இரண்டு எல்லை உண்டு. அது உடம்பைக் காப்பதற்கு, கடலையைக் காப்பதற்கு இல்லை. இன்னொன்று, அந்த நேரத்தில் நீங்களே இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கண்ணி வைக்கப் போய்ப் பன்றி பாய்ந்தது, அடித்தேன் என்றால் செல்லாது. அடித்து அது செத்துப்போனால் அங்கேயே விட்டுவிட்டு உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். புதைத்து மறைத்தால் தற்காப்பு என்று பிறகு யார் நம்புவார்கள்?

டெக்சஸ் தம்பிக்கு. அங்கே திரியும் பன்றி அந்த மண்ணுக்கு உரியது அல்ல. வெளியிலிருந்து கொண்டுபோய், அவிழ்த்துவிட்டுப் பெருகியது. அதனால் அதை அவர்கள் வேட்டை விலங்குகளில் சேர்ப்பதில்லை. அங்கேயும் சொந்த நிலத்தில் நிற்கிறது என்பதற்காக மானை நினைத்த மாதத்தில் சுட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். நம்முடையது இந்தக் காட்டிலேயே பிறந்த விலங்கு. சேத்துமடைக்காரர் சொன்னபடி சிறுத்தைக்கு அது இரை. காட்டில் இரை குறைந்தால் சிறுத்தை நம் ஆட்டுப்பட்டிக்குத்தான் வரும்.

கறி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். சட்டம் தெளிவு, தற்காப்பில் கொன்றால் பிரிவு 11(3)இன்படியும், அனுமதியோடு கொன்றால் பிரிவு 39இன்படியும் அந்த உடல் அரசின் சொத்து. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் நான் புதைக்கவே சொல்வேன். கறி கிடைக்கும் என்றால் பயிர் இல்லாத மாதத்திலும் பன்றித் தொல்லை என்று மனு வரும். கடலைக்காட்டுக்கு வராத பன்றியைப் புதருக்குள் தேடிப் போவார்கள். பால் கொடுக்கும் பெண் பன்றியை விட மாட்டார்கள், எடை அதிகம் இருப்பதைத்தான் குறி வைப்பார்கள். நான் இந்த வேலையில் பார்த்த வரைக்கும் பயிர்க்காவலுக்கும் வேட்டைக்கும் நடுவில் நிற்கிற வேலி அந்தக் குழிதான். அரிசியும் பருப்பும் கிடைக்காத வீடு இருந்தால் அதற்கு வேறு வழி தேட வேண்டும்.

மனு விஷயம். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். 1969ஆம் வருடக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மை மக்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது, நம் பகுதி ஆபீஸ்களில் வாங்கிக்கொள்வார்கள். மாட்டேன் என்றால் செயலாளரைப் பார்த்துச் சொல்லுங்கள். சர்வே எண், என்ன பயிர், எத்தனை சென்ட் சேதம், எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து வருகிறது, பகலில் எங்கே படுக்கிறது, எல்லாம் எழுதுங்கள். சேதத்தையும் குளம்புத் தடத்தையும் போனில் படம் எடுத்துச் சேருங்கள். அந்தத் தரிசுப் புதரைப் பற்றித் தனியாக இன்னொரு மனு கொடுங்கள். புதரை வெட்ட நில உரிமையாளருக்கு ஊராட்சி நோட்டீஸ் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். புதர் இருக்கும்வரை ஒன்றைச் சுட்டால் அடுத்த கூட்டம் வந்து படுக்கும், நான் நிறையத் தோட்டங்களில் பார்த்துவிட்டேன்.

ஆள் வருவார்களா என்றால், வருவார்கள், ஆனால் பட்டியலில் ஆட்கள் குறைவு. ஒரே ஆளை நாலு ஊராட்சி கூப்பிடும். உத்தரவு கையில் வந்ததும் எங்களிடம் போனில் பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் வரும் ராத்திரி உங்கள் வீட்டு ஆட்கள் யாரும் கடலைக்காட்டுக்குள் நடமாடக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நாய்களைக் கட்டிப்போட வேண்டும். பின்னால் வீடோ ரோடோ இருக்கும் திசையில் நான் சுடுவதில்லை, பன்றி கண்ணெதிரே நின்றாலும் சரி. அப்படி ராத்திரி வீணாகப் போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அடிபட்ட பன்றி புதருக்குள் போய்விட்டால் விடியும்வரை யாரும் பின்னால் போகக் கூடாது, அதைவிட ஆபத்து வேறில்லை. விழுந்ததும் வனத்துறைக்குத் தகவல் சொல்லி, ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றி, அப்புறம்தான் புதைப்பது. குழி வெட்ட ஆளும் மண்வெட்டியும் நீங்கள் தயார் செய்து வையுங்கள், ஆள் ஆழத்துக்கு வெட்ட வேண்டும். கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி இடம் பாருங்கள்.

இந்தப் போகத்துக் கடலையைப் பறிக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எழுதுங்கள். நாள் குறைவு என்றால் மனுவை நாளைக் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும்.